ஒட்டியது உயிர் பெறவில்லையா? சர்ரியல் கொலாஜில் வரும் கோளாறுகளும் அவற்றைச் சரிசெய்யும் வழிகளும்

ஒரு தத்துவச் சிந்தனை மனசைப் பிடித்துக்கொள்கிறது. வெட்டிய படத்துண்டுகளை ஒட்டிக் கனவு போன்ற காட்சியை உண்டாக்கும் சர்ரியல் கொலாஜாக அதைப் படமாக்கிப் பார்க்கலாம் என்று பழைய இதழ்கள், கத்தரிக்கோல், பசை எல்லாம் எடுத்துக்கொண்டு உட்காருகிறோம். மூன்று மணி நேரம் கழித்துப் பார்த்தால் தலைக்குள் இருந்தது ஒன்று, தாளில் வந்திருப்பது வேறொன்று. எங்கே பிசகியது என்று தெரியாததால் பலர் இந்த இடத்திலேயே ஆசையை மூட்டை கட்டிவிடுகிறார்கள். அது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. ஏனென்றால் கொலாஜில் வரும் கோளாறுகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஒவ்வொன்றுக்கும் கண்ணுக்குத் தெரிகிற அடையாளம் உண்டு.

முதலில் ஒரு சோதனை. படத்தைச் சுவரில் சாய்த்து வைத்து ஆறடி தள்ளி நின்று பாருங்கள். அங்கிருந்தே ஏதோ உறுத்தினால் கோளாறு சிந்தனையிலோ அமைப்பிலோ இருக்கிறது. கிட்டப் போன பிறகுதான் உறுத்துகிறது என்றால் தாளையும் பசையையும் கவனியுங்கள். இரண்டும் இருந்தால் தூரத்துக் கோளாற்றை முதலில் தீர்த்துவிடுங்கள். சிந்தனை சரியாக உட்காராத படத்தில் ஓரங்களை எவ்வளவு நேர்த்தியாக வெட்டினாலும் பயனில்லை.

அறிகுறி: அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் படத்தில் ஒன்றும் நடக்கவில்லை

மீன் தலையில் விளக்கு, மேகத்தின்மேல் நாற்காலி, கடல் நடுவே கதவு. தனித்தனியே எடுத்தால் எல்லாமே நல்ல துண்டுகள். சேர்த்துப் பார்த்தால் சாமான் அறையைத் திறந்து பார்த்த மாதிரி இருக்கும்.

1869இல் கவிஞர் லோத்ரேயாமோன் ஓர் உவமை எழுதினார்: அறுவை மேசையின்மேல் ஒரு தையல் இயந்திரமும் ஒரு குடையும் தற்செயலாகச் சந்தித்ததைப் போன்ற அழகு. பின்னால் வந்த சர்ரியலிஸ்டுகள் இதைத் தலைமேல் வைத்துக் கொண்டாடினார்கள். நாம் அந்த உவமையில் இயந்திரத்தையும் குடையையும் பிடித்துக்கொண்டு மேசையை மறந்துவிடுகிறோம். அவை சந்திக்க ஓர் இடம் இருக்கிறது. அந்த இடத்துக்கென்று ஒரு வேலையும் இருக்கிறது. தையல் ஊசி, குடைக் கம்பி, அறுவைக் கத்தி என்று மூன்றுக்கும் நடுவே ஓர் உலோகக் குளிர்ச்சி ஓடுகிறது. 1918இல் கவிஞர் பியர் ரெவெர்தியும் இதைத்தான் சொன்னார்: சேர்கிற இரண்டு பொருள்களும் எவ்வளவு தொலைவில் இருக்கின்றனவோ, அவற்றின் உறவு எவ்வளவு பொருத்தமாக இருக்கிறதோ, அந்த அளவுக்குப் படிமத்துக்கு வலு கூடும். நாம் தொலைவை மட்டும் வைத்துக்கொண்டு பொருத்தத்தை விட்டுவிடுகிறோம்.

தீர்வு: இன்னும் ஒட்டவில்லை என்றால் இரண்டு துண்டுகளையும் ஒரு பின்னணியையும் தவிர எல்லாவற்றையும் மேசையிலிருந்து எடுத்துவிடுங்கள். அந்த இரண்டுக்கும் பொதுவாக என்ன இருக்கிறது என்று ஒரே சொல்லில் எழுதிப் பாருங்கள். உருவமாக இருக்கலாம், செய்யப்பட்ட பொருளாக இருக்கலாம், செய்கிற வேலையாக இருக்கலாம். சீப்புக்கும் பியானோவுக்கும் 'பல்' பொது. ஏணிக்கும் முதுகெலும்புக்கும் 'படி' பொது. அந்தச் சொல் கிடைத்தால் இரண்டையும் அது சொல்கிற இடத்தில் பொருத்துங்கள். பியானோவின் கட்டைகள் இருந்த இடத்தில் சீப்பு வரட்டும். சொல் கிடைக்கவில்லை என்றால் ஒரு துண்டை மாற்றுங்கள். எடுத்து வைத்த துண்டுகள் வீணாகாது, அடுத்த படத்துக்கு ஆகும்.

அறிகுறி: பார்த்தவுடன் புரிந்துவிடுகிறது, அதன் பிறகு பார்க்க எதுவும் இல்லை

தத்துவத்திலிருந்து கொலாஜுக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் வருகிற கோளாறு இது. காலம் என்றால் கடிகாரம், மனம் என்றால் புதிர்ப்பாதை, தன்னறிவு என்றால் கண்ணாடி, விடுதலை என்றால் கூண்டைவிட்டுப் பறக்கும் பறவை. பார்ப்பவர் "ஓ, காலமா" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். சிந்தனை பெயர்ச்சொல்லாகவே நின்றுவிட்டது. படத்தில் அது எந்த வேலையும் செய்யவில்லை.

தீர்வு: சிந்தனையை வினைச்சொல்லாக மாற்றுங்கள். மறை, மாற்று, பாதியாக்கு, இடம் மாற்று, திருப்பு. அந்த வினையைக் கத்தரிக்கோலால் செய்ய முடிய வேண்டும். என் மேசையில் நடந்த ஒன்றைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

திருமூலர் சொன்ன மர யானை நமக்கெல்லாம் தெரியும். யானையாகப் பார்த்தால் மரம் மறைந்துவிடுகிறது. மரமாகப் பார்த்தால் யானை மறைந்துவிடுகிறது. அவர் அதிலிருந்து உலகத்துக்கும் பரத்துக்கும் போகிறார். நான் யானையோடு நின்றுகொண்டேன். முதல் முயற்சியில் மரவரி அச்சிட்ட ஒரு தாளை விரித்து, அதன்மேல் செதுக்கிய கட்டையால் அச்சிட்ட ஒரு பழைய செதுக்குப் படத்திலிருந்து வெட்டிய யானையை வைத்தேன். மரத்தின்மேல் யானை நின்றது. மறைதல் எங்கும் இல்லை. திருமூலர் சொன்னதன் வினை 'மறை'. நான் செய்தது 'வை'.

இரண்டாம் முறை செதுக்குப் படத்தைத் தூக்கிப் போட்டுவிட்டேன். அதே மரவரித் தாளில் இரண்டு நகல் எடுத்தேன். ஒன்றை முழுதாகப் பின்னணியாக வைத்து, மற்றொன்றிலிருந்து யானையின் வெளிக்கோட்டை மட்டும் வெட்டி அதன்மேல் வைத்தேன். வரிகள் ஒரே திசையில் ஓடியபோது யானை காணாமலே போய்விட்டது. யானையைத் தொண்ணூறு பாகை திருப்பினேன். இப்போது யானை மட்டுமே தெரிந்தது, மரம் போய்விட்டது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே வந்தேன். பதினைந்து பாகைக்குப் பக்கத்தில் ஓர் இடம் வந்தது. வரிகளின் ஓட்டத்தைப் பின்தொடர்ந்தால் பலகை. கண்ணைத் தளர்த்தினால் துதிக்கையும் காதும். இரண்டும் ஒரே நேரத்தில் வரவே இல்லை. அந்தக் கோணத்தில் பென்சிலால் மெல்லக் குறி வைத்துவிட்டு, ஓர் ஆசையில் செதுக்குப் படத்து யானையின் கண்ணை மட்டும் வெட்டி வைத்துப் பார்த்தேன். யானை உடனே ஜெயித்துவிட்டது, மரம் திரும்பி வரவே இல்லை. கண்ணை எடுத்துவிட்டேன்.

இந்த முறையை எந்தச் சிந்தனைக்கும் வைத்துப் பார்க்கலாம். தீசியஸின் கப்பலில் பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால் கடைசியில் நிற்பது பழைய கப்பலா என்பது கேள்வி. வினை: மாற்று. இரண்டு முகப்படங்களை ஒரே அளவில் நகலெடுத்து, இரண்டையும் 25 சதுரங்களாக வெட்டி, ஒரு நேரத்தில் ஒரு சதுரம் மாற்றி, ஒவ்வொரு மாற்றத்தையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முதலாமவர் எந்தச் சதுரத்தில் போய்விட்டார் என்று பத்துப் பேரிடம் கேட்டுப் பாருங்கள். எஞ்சிய தூரத்தில் பாதிப் பாதியாகவே கடந்துகொண்டு போனால் இலக்கை எப்படி அடைவது என்பது ஸீனோவின் புதிர். அதற்கு வினை பாதியாக்குவது. நகல் இயந்திரத்தில் ஒரே உருவத்தை 50 சதவீதமாகக் குறைத்துக்கொண்டே போய், எஞ்சிய தூரத்தில் பாதிப் பாதியாக ஒட்டுங்கள். சுவரில் விழும் நிழல்களையே உண்மை என்று நம்பும் கைதிகளைப் பற்றிய பிளேட்டோவின் குகைக்கு, நீள நிழல் விழுந்த தெருப்படம் ஒன்றில் மனிதர்களை வெட்டி எடுத்துவிட்டு நிழல்களை மட்டும் விட்டுவைக்கலாம். தான் வண்ணத்துப்பூச்சியாகக் கனவு கண்ட மனிதனா, மனிதனாகக் கனவு காணும் வண்ணத்துப்பூச்சியா என்று பழைய சீன ஞானி ஜுவாங்சி கேட்டாரே, அதற்கு மனிதப் படத்திலிருந்து வண்ணத்துப்பூச்சி வடிவத்தையும், வண்ணத்துப்பூச்சிப் படத்திலிருந்து மனித வடிவத்தையும் வெட்டி ஒன்றின் ஓட்டையில் மற்றொன்றைப் பொருத்துங்கள். கயிற்றில் தெரியும் பாம்புக்கு வெட்டவே வேண்டாம். ஒரே கயிற்றின் படத்தை ஒரு முறை வெளிச்சமாகவும் ஒரு முறை இருட்டாகவும் நகலெடுத்துப் பக்கத்தில் வைத்தால் போதும்.

அறிகுறி: வாசகத்தை ஒட்டியதும் படம் செத்துவிட்டது

படம் சொன்னதையே வாசகமும் சொல்கிறது, அதனால்தான். சர்ரியலிஸ்ட் ஓவியர் மாக்ரித் 1929இல் புகைக்குழாய் ஒன்றை வரைந்து, இது புகைக்குழாய் இல்லை என்று கீழே எழுதினார். அவருடைய வாசகம் படத்தோடு சண்டை போடுகிறது. உங்களுடையது தலையாட்டுகிறது. ஒன்று எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் படத்தை மறுக்கிற வாசகமாகத் தேடுங்கள்.

அறிகுறி: துண்டுகள் எல்லாம் மிதக்கின்றன

வேண்டுமென்று மிதக்கவிட்டால் பரவாயில்லை. நிற்க வேண்டியது மிதந்தால் மூன்று இடங்களைப் பாருங்கள்.

முதலாவது வெளிச்சம். ஒரு துண்டில் வெயில் இடமிருந்து விழுகிறது, பக்கத்துத் துண்டில் வலமிருந்து. ஏன் என்று பார்ப்பவருக்குச் சொல்லத் தெரியாது, ஆனால் நம்பிக்கை போய்விடும். நடக்க முடியாத காட்சியை நம்ப வைப்பதுதான் சர்ரியலிசத்தின் வேலை. அதனால் வெளிச்சம் மற்ற எந்தக் கலையைவிடவும் இதில் ஒழுங்காக இருக்க வேண்டும். துண்டுகளைச் சேகரிக்கும்போதே ஒவ்வொன்றின் பின்புறமும் வெளிச்சம் வரும் திசையைப் பென்சிலில் ஓர் அம்பாகப் போட்டுவிடுவேன். பின்புறத்திலிருந்து பார்க்கும்போது இடவலம் மாறும் என்பதால், முன்பக்கத்துத் திசையைச் சொல்லாகவும் எழுதிவைப்பது நல்லது. திசை பொருந்தாத துண்டு கட்டாயம் வேண்டும் என்றால் அதைக் கணினியில் இடவலமாகப் புரட்டி அச்செடுங்கள். எழுத்து, கடிகார முகம், சட்டைப் பொத்தான் இவை புரட்டினால் காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டாவது அடிவானக் கோடு. தட்டையான நிலத்தில் நிற்கும் உயரத்திலிருந்து எடுத்த படத்தில், கிட்ட நிற்பவரோ தொலைவில் நிற்பவரோ, ஏறத்தாழ ஒரே உயரமுள்ள எல்லோருடைய கண்களையும் அடிவானக் கோடு தொட்டுக்கொண்டு போகும். புதிதாக ஒட்டுகிற மனிதரின் கண்ணை அந்தக் கோட்டில் வைத்தால் அவர் அந்த இடத்துக்காரர் ஆகிவிடுவார். இடுப்பை அந்தக் கோட்டில் வைத்தால் பூதாகாரமாவார். தலை கோட்டுக்கு நன்றாகக் கீழே போனால் குள்ளமாவார். எது வேண்டும் என்று தீர்மானித்துவிட்டு வையுங்கள்.

மூன்றாவது நிழல். கால் தரையைத் தொடும் இடத்தில் மென்மையாகக் கருப்பாக எழுதும் 4பி பென்சிலால் ஒரு கோடு அழுத்தி, விரலில் சுற்றிய மெல்லிய தாளால் வெளிப்பக்கமாகத் தேயுங்கள். தொடும் இடத்தில் கருப்பு, விலக விலகச் சாம்பல். பளபளப்பான தாளில் பென்சில் பிடிக்காது. அடர்ந்த தாளிலிருந்து நிழலையே வெட்டி வைக்கலாம்.

அறிகுறி: ஒவ்வொரு துண்டும் வேறு வேறு அச்சகத்திலிருந்து வந்தது அப்பட்டமாகத் தெரிகிறது

சர்ரியலிஸ்ட் கலைஞர் மாக்ஸ் எர்ன்ஸ்ட்டின் கொலாஜ்களில் ஒட்டு எங்கே என்று தேட வேண்டியிருக்கும். 1929இலும் 1934இலும் அவர் வெளியிட்ட தொகுப்புகளுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் மரச்செதுக்குப் படங்களை எடுத்துக்கொண்டார். எல்லாம் ஒரே மாதிரியான கருங்கோடுகள். பறவைத் தலையும் கோட்டுப் போட்ட உடம்பும் ஒரே கையால் செதுக்கியது போல இணைந்துவிடும். அத்தோடு அவர் கொலாஜை அச்சில் ஏற்றினார். வெட்டின விளிம்பு அச்சில் மறைந்துபோகும். அவரிடமிருந்து இந்த இரண்டையும் எடுத்துக்கொள்ளலாம். ஒரே காலத்து, ஒரே அச்சுமுறைப் படங்களாகத் தேர்ந்தெடுங்கள். முடிந்ததும் முழுப் படத்தையும் ஒரு முறை கருப்பு வெள்ளையில் நகலெடுத்துப் பாருங்கள். ஏழெட்டு வண்ணங்கள் சண்டை போட்ட படம் சட்டென்று அமைதியாவதை நீங்களே பார்ப்பீர்கள்.

ஒட்டு தெரிவது எப்போதும் பிழை என்றும் நினைக்க வேண்டாம். ஜெர்மன் கலைஞர் ஹன்னா ஹோஹ் 1919, 1920 வாக்கில் செய்த பெரிய ஒட்டுப்படத்தில் அரசியல்வாதிகளும் சக்கரங்களும் நடனக்காரிகளும் இதழிலிருந்து வெட்டியது வெட்டியபடியே மோதிக்கொள்கின்றன. அந்த மோதல்தான் அவர் சொல்ல வந்தது. உங்கள் சிந்தனைக்கு மயக்கம் வேண்டுமா, மோதல் வேண்டுமா என்பதைப் பொறுத்தது இது.

பழைய படங்களுக்கு எங்கே போவது? மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017இல் 3,75,000 படங்களையும், ஸ்மித்ஸோனியன் 2020இல் 28 லட்சம் படங்களையும் யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று இணையத்தில் திறந்துவிட்டன. மூலப் புத்தகத்தைக் கிழிக்கிற பாவம் வேண்டாம்.

அறிகுறி: துண்டைச் சுற்றி வெள்ளைக் கோடு

தாளின் குறுக்குவெட்டு தெரிகிறது. கத்தரிக்கோலைச் சற்றே உள்பக்கமாகச் சாய்த்து, அடிப்பக்கம் மேல்பக்கத்தைவிட ஒரு மயிரிழை குறைவாக வருமாறு வெட்டுங்கள். வெட்டும்போது கத்தரிக்கோல் பிடித்த கை அசையாமல் இருக்கட்டும், தாளைத் திருப்புங்கள். கைக்கும் இடுப்புக்கும் நடுவில் இருப்பது போன்ற உள் இடைவெளிகளை முதலில் கத்தியால் எடுத்துவிட்டு வெளிக்கோட்டைக் கடைசியாக வெட்ட வேண்டும். மாற்றிச் செய்தால் பிடிக்க இடமில்லாமல் துண்டு கிழியும். தடித்த தாள் என்றால் துண்டைக் கவிழ்த்து வைத்து ஓரங்களை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து மெலிதாக்குங்கள். அதற்குப் பிறகும் வெள்ளை தெரிந்தால், ஓரத்தில் பக்கத்து நிறத்துப் பென்சிலை ஓட்டினால் போதும்.

அறிகுறி: குமிழியும் சுருக்கமும்

தாள் நார்களால் ஆனது. ஈரம் பட்டதும் நார் பருக்கும். ஆலையில் தாள் ஓடும்போது பெரும்பாலான நார்கள் ஒரே திசையில் படுத்துக்கொள்வதால், ஈரத்தில் தாள் நார் ஓடும் திசையில் அதிகம் விரியாது, நாருக்குக் குறுக்கே நன்றாக விரியும். விரிந்துகொண்டிருக்கிற தாளை அட்டையில் அழுத்தினால், மேலும் விரிய இடமில்லாமல் மேலே எழும்பும். அதுதான் குமிழி.

ஆகவே அவசரம்தான் முதல் குற்றவாளி. பசை தடவிய தாளை ஒரு நிமிடம் அப்படியே விடுங்கள், விரிந்து முடிக்கட்டும். முதலில் சுருண்டு பிறகு தானாகப் படியும், அதுதான் ஒட்ட வேண்டிய நேரம். நடுவில் வைத்து வெளிநோக்கித் தேயுங்கள். மேலே ஒரு மெழுகுத்தாள் போட்டு அதன்மேல் கரண்டியின் பின்புறத்தால் தேய்த்தால் அச்சு உரியாது. பிறகு இரண்டு மெழுகுத்தாளுக்கு நடுவே வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி ஓர் இரவு விட்டுவிடுங்கள்.

மெல்லிய இதழ்த் தாளுக்குத் தண்ணீர் கலந்த வெள்ளைப் பசை அதிகம்; குச்சிப் பசை போதும். பெரிய துண்டுகளுக்கு மெத்தில் செல்லுலோஸ் பசை எனக்குப் பிடிக்கும். மெதுவாகக் காயும், துண்டை நகர்த்த நேரம் கொடுக்கும், காய்ந்த பிறகும் ஈரம் காட்டிப் பிரிக்கலாம். காய்ந்துவிட்ட குமிழியை ஊசியால் குத்தாதீர்கள். கூரான பிளேடால் படத்தின் ஏதாவது ஒரு கோட்டை ஒட்டியே சிறிதாகக் கீறி, ஊசிமுனையில் பசையை உள்ளே விட்டு, மறுபடி பாரம் வையுங்கள்.

அறிகுறி: படம் நன்றாகத்தான் ஒட்டியது, அட்டையே வளைந்துவிட்டது

ஒட்டிய தாள் காயும்போது சுருங்கி அட்டையை இழுக்கிறது. அதே அளவு தாளை, நார் அதே திசையில் ஓடுமாறு, அட்டையின் பின்புறமும் ஒட்டுங்கள். இரண்டு பக்கமும் சமமாக இழுக்கும். நார்த் திசை தெரிய வேண்டுமா? ஓரத்தில் கொஞ்சம் கிழித்துப் பாருங்கள். நார் ஓடும் திசையில் நேராகக் கிழியும், குறுக்கே கோணல்மாணலாகக் கிழியும்.

அறிகுறி: பின்பக்கத்து எழுத்து முகத்தில் தெரிகிறது

வெட்டுவதற்கு முன் தாளைக் கருப்பு அட்டைமேல் வைத்துப் பாருங்கள். எழுத்து மறைந்தால், துண்டுக்கும் பின்னணிக்கும் நடுவே கருப்புத் தாள் ஒன்றை உள்வைத்து ஒட்டலாம்; படம் இம்மியளவு மங்கும்.

அறிகுறி: நிறம் கரைகிறது, அல்லது மஞ்சளாகிறது

கரைவது பெரும்பாலும் இங்க்ஜெட் அச்சு. ஈரப் பசை வைக்க வேண்டுமானால் லேசர் அச்சோ ஜெராக்ஸோ எடுங்கள். அவற்றின் மைத்தூளான டோனர் தண்ணீரில் கரையாது. மஞ்சளாவது செய்தித்தாள், அதில் உள்ள லிக்னின் என்ற மரப்பொருள் வெளிச்சம் பட்டுப் பழுக்கும். ரப்பர் பசையும் சில ஆண்டுகளில் மஞ்சள் கறையை விட்டுவிட்டுப் பிடியை இழக்கும். நிலைக்க வேண்டிய படத்துக்கு அமிலமற்ற தாளில் நகலெடுத்துப் பயன்படுத்துவதே வழி.

அறிகுறி: ஸ்கேன் செய்ததும் அலை அலையாகக் கோடுகள், கணினியில் வெட்டிய துண்டைச் சுற்றி ஒளிவட்டம்

இதழ்ப் படம் நுண்புள்ளிகளால் ஆனது. ஸ்கேனரின் கட்டங்களும் அந்தப் புள்ளிகளும் மோதும்போது இந்த மொய்ரே அலைகள் வரும். அங்குலத்துக்கு 600 புள்ளி (600 டிபிஐ) அளவில் எடுத்து, லேசாக மங்கலாக்கி, பிறகு 300க்குக் குறையுங்கள். ஸ்கேனர் மென்பொருளில் புள்ளி நீக்கும் வசதி இருந்தால் இன்னும் எளிது. ஒளிவட்டத்துக்கு, தேர்வு எல்லையை ஒன்றிரண்டு பிக்சல் உள்ளே சுருக்குங்கள். அழிப்பானைத் தொடாமல், அழிக்காமலே மறைக்கும் மாஸ்க் வைத்து வேலை செய்தால் நாளைக்கு மனசு மாறினாலும் துண்டு முழுதாக இருக்கும். எல்லா லேயருக்கும் மேலே ஒரே அளவு மணல்புள்ளி இரைச்சலைத் தூவினால் வேறு வேறு படங்கள் ஒரே தாளுக்கு வந்துவிடும்.

அறிகுறி: ஒட்டிய பிறகுதான் தப்பு தெரிகிறது

முதலில் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். ஈரத்தில் பிய்த்தால் பின்னணியும் சேர்ந்து வரும். நன்றாகக் காய்ந்த வெள்ளைப் பசை சூட்டில் இளகும்; முடி உலர்த்தியால் மிதமான சூடு காட்டி, மெல்லிய தகட்டை ஓரத்தில் நுழைத்து மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். வரவில்லை என்றால் விட்டுவிட்டு, மேலே மூடலாமா என்று யோசியுங்கள். மூடும் துண்டு வேறெங்காவது இன்னொரு முறை வர வேண்டும். ஒரே ஒரு இடத்தில் வந்தால் ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி தெரியும். இரண்டு இடத்தில் வந்தால் படத்தின் பகுதியாகிவிடும்.

மூடவும் முடியாதபோது கிழிசலையே வைத்துக்கொள்ளலாம். அந்த மர யானையை ஒட்டும்போது காது ஓரம் மடிந்துவிட்டது. நிமிர்த்தப் போய்ப் பாதிக் காது பிய்ந்து, கீழே இருந்த தாளின் மேற்பரப்பும் உரிந்து, வெள்ளை நார் கிளம்பிவிட்டது. மூன்றாவது நகலிலிருந்து ஒரு காது வெட்டி வைத்துப் பார்த்தேன். வரி எந்தக் கோணத்திலும் சேரவில்லை. எடுத்துவிட்டு உரிந்த இடத்தை அப்படியே விட்டேன். இப்போது படத்தைக் கிட்டப் போய்ப் பார்க்கிறவர்களுக்கு மரமும் யானையும் மாறி மாறி வந்துபோகின்றன. காது இருந்த இடத்தில் மட்டும் இரண்டும் இல்லை, தாள் தெரிகிறது.